வெற்றிடம் வேறு, ஒதுக்கிடம் வேறு

திருவனந்தபுரத்தில் செயலிகள் வடிவமைக்கப்படுகின்றன. தும்பையிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விக்ரம் 1601 என்னும் 16 பிட் செயலி 2009 முதல் இஸ்ரோவின் ஏவுகலங்களில் பணியாற்றி வருகிறது. அதன் 32 பிட் வாரிசான விக்ரம் 3201, 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே நகரிலுள்ள சி-டாக் மையம், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு வேகா வரிசைச் செயலிகளை உருவாக்கியிருக்கிறது. அவ்வரிசையின் சிறியதோர் உறுப்பைக் கொண்டு வந்த தேஜஸ்32 சில்லு, ஏரீஸ் என்னும் பயிற்சிப் பலகைகளில் ஏறிக் கல்லூரிகளுக்கும் சென்றுவிட்டது. இவற்றை 'சுதேசிச் சில்லு' என்று கொண்டாடினர், கொண்டாடியதில் பிழையில்லை. கொண்டாட்டம் முடிந்த மறுநாள், கையில் பலகை இல்லாத ஒரு மாணவி அந்தச் சில்லுக்காக நாலு வரி நிரல் எழுதி இயக்கிப் பார்க்க விரும்பினால் எங்கே செல்வாள் என்பதை எவரும் கேட்கவில்லை. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

அவள் செல்ல வேண்டிய இடம் எமுலேட்டர். கலைச்சொல் அகராதிகளில் 'போன்மி' என்றொரு சொல் உண்டு. அழகான சொல், ஆனால் ஆய்வகத்தில் எவரும் அதைச் சொல்வதில்லை. இல்லாத கணினியொன்றை இருக்கும் கணினியின் மேல் மென்பொருளாகவே கட்டிக்காட்டுவது எமுலேட்டரின் வேலை. அவற்றுள் பெரியது, ஃபிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு. 2018 முதல் அது ரிஸ்க்-ஃபைவ் கணினிகளையும் போலச் செய்கிறது. 2025 ஏப்ரலில் வெளிவந்த அதன் 10.0 பதிப்பின் ரிஸ்க்-ஃபைவ் இயந்திரப் பட்டியலைப் பார்த்தால், அமெரிக்க நிறுவனமான சைஃபைவின் பலகைகள் உண்டு. மைக்ரோசிப் நிறுவனத்தின் பலகை உண்டு. சென்னை ஐஐடியின் 'சக்தி-சி' உண்டு. வேகா இல்லை; தேஜஸும் இல்லை.

பொதுப்பணத்தில் பிறக்கும் ஒவ்வொரு செயலியும், படித்தறியும் ஆவணத்தோடு நில்லாமல், இயங்கவல்ல நினைவக வரைபடத்தோடும் வெளிவர வேண்டும். அவ்வரைபடத்தில் எவ்வெவ்விடங்கள் ஒதுக்கப்பட்டவை, ஏன் ஒதுக்கப்பட்டவை என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சிறிய கோரிக்கைதான். ஆனால் இதனை மறுப்போர் பலர். மறுப்பதற்கு அவர்கள் கூறும் காரணங்களோ ஒன்றுக்கொன்று முரணானவை.

முதலில் வரைபடம் என்பது யாதெனப் பார்க்கலாம். செயலி அறிந்தது முகவரிகளை மட்டுமே. ஒரு முகவரியில் எழுது, ஒரு முகவரியிலிருந்து படி என்பதற்கு மேல் வெளியுலகோடு அதற்குப் பெரிதாக உரையாடல் இல்லை. கியூஎமுவின் 'விர்ட்' என்னும் பொது இயந்திரத்தில், பதினாறடிமான எண்ணில் 80000000 என்னும் முகவரியில் முதன்மை நினைவகம் தொடங்குகிறது. 10000000 என்னும் முகவரியில் இருப்பது நினைவகமன்று. யூஆர்ட் என்னும் தொடர்முனைச் சாதனம். 'அ' என்னும் எழுத்தின் குறியெண்களை அம்முகவரியில் எழுதினால் அவை எங்கும் தங்குவதில்லை. வரிசையாக வெளியேறி, மறுமுனையிலுள்ள திரையில் எழுத்தாகின்றன. 2000000 என்னும் முகவரியில் கடிகாரக் குறுக்கீடுகளைத் தரும் சாதனம். நடுவே நெடுந்தொலைவுக்கு ஒன்றுமில்லை.

'ஒன்றுமில்லை' என்னும் இச்சொல்லில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. யூனிகோடில் தமிழுக்கென வகுத்த கட்டத்தில் 128 இடங்கள். எழுத்தும் குறியும் எண்ணும் அமர்ந்திருப்பவை 72. 'க'வுக்கும் 'ங'வுக்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. மலையாளக் கட்டத்தில் அதே மூன்று இடங்களில் ககர வருக்கத்தின் எஞ்சிய மூன்று எழுத்துகள் இருக்கின்றன. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையில் அடுக்கிய இஸ்கி தரத்தின் வழிவந்த அமைப்பு இது. அந்த மூன்று இடங்களும் காலியானவை. ஆயினும் எவருக்கும் உரியவையல்ல. காலியாகத்தானே இருக்கிறது என்று ஓர் எழுத்துரு வடிவமைப்பாளர் தம் சொந்தக் குறியொன்றை அங்கே குடியேற்றினால், அவர் திரைக்கு வெளியே அதனை எந்தக் கணினியும் படிக்காது. இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பம்போல் இடம்பிடித்ததால், ஒருவர் எழுதிய மடல் மற்றொருவர் திரையில் கேள்விக்குறிகளாகவும் பெட்டிகளாகவும் விழுந்ததை மறந்தவர் இல்லை. வெறுமையாக இருத்தல் வேறு. கைக்கொள்ளத்தக்கதாக இருத்தல் வேறு.

நினைவக வரைபடத்திலும் அவ்வாறே. ஆனால் சில்லுகளின் ஆவணங்களில் அட்டவணையின் பல வரிசைகளுக்கு எதிரே 'ரிசர்வ்டு' என்று ஒற்றைச் சொல் இருக்கும். மொழியியல் படித்தவரை இச்சொல் உறங்கவிடாது. அங்கே வன்பொருளே இல்லை, தொட்டால் செயலி பிழை எழுப்பும் என்பது ஒரு பொருள். அங்கே வன்பொருள் உண்டு, ஆனால் அது உனக்கானதன்று, தொட்டால் விளைவுக்கு நாங்கள் பொறுப்பல்லோம் என்பது இரண்டாம் பொருள். இன்று ஒன்றுமில்லை, அடுத்த பதிப்பில் வரும், ஆகவே இன்றைய நடத்தையை நம்பாதே என்பது மூன்றாம் பொருள். மூன்றும் மூன்று வேறு கட்டளைகள். நிரலாளர் மூன்றுக்கும் மூன்று வகையாக நடந்துகொள்ள வேண்டும். ஒரே சொல்லால் மூன்றையும் குறித்துவிட்டு, சூழல் நோக்கிப் பொருள் கொள்க என்றால், சூழலை எங்கே சென்று காண்பது?

ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை வகுத்தோர் இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்கள். கட்டுப்பாட்டுப் பதிவகங்களின் பிட்டுகளைக் குறிக்க அவர்கள் வெவ்வேறு முத்திரைகளை வைத்தனர். 'எழுதும்போது உள்ளதை அப்படியே காத்துக்கொள், படிக்கும்போது மதிப்பைப் பொருட்படுத்தாதே' என்பதற்கு ஒரு முத்திரை. 'எதை வேண்டுமானாலும் எழுது, படிக்கும்போது முறையான மதிப்பே கிடைக்கும்' என்பதற்கு மற்றொன்று. ஆர்ம் நிறுவனத்தின் ஆவணங்களும் 'சுழியாக வைக்கப்பட வேண்டிய ஒதுக்கிடம்', 'ஒன்றாக வைக்கப்பட வேண்டிய ஒதுக்கிடம்' என்று பிரித்துச் சொல்கின்றன. பிட்டுகளுக்குக் காட்டிய இந்தக் கண்டிப்பு முகவரி அட்டவணைக்கு வரும்போது மட்டும் எங்கே போயிற்று?

காகிதத்தில் இந்த மயக்கம் மறைந்து கிடக்கலாம். எமுலேட்டரில் மறைய இயலாது. மாதிரியை எழுதுபவர் ஒவ்வோர் இடத்துக்கும் விடை தந்தாக வேண்டும்: இங்கே ஒரு நிரல் தட்டினால் யார் வந்து கதவைத் திறப்பது? கியூஎமுவில் சில பழைய ஆர்ம் பலகைகளின் மாதிரிகள், அறியாத முகவரியைப் படித்தால் சுழியம் தருகின்றன, எழுதினால் விழுங்கிவிடுகின்றன. ஓசையில்லை, பிழையில்லை. கியூஎமுவின் மூல நிரலிலேயே இதற்கு எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது: பழையவற்றுக்கு மட்டுமே இச்சலுகை, புதிய பலகைகள் இவ்வழியே வரக்கூடாது என்று. புதியவற்றுக்கு வேறொரு வழி உண்டு. இன்ன முகவரியில், இன்ன பெயருடைய, இன்ன அளவுடைய சாதனம் மெய்யான சில்லில் உண்டு, ஆனால் இங்கே இன்னும் எழுதப்படவில்லை என அறிவிக்கும் ஒரு வெற்றுச் சாதனத்தை அவ்விடத்தில் நிறுத்திவைக்கலாம். அதுவும் சுழியத்தையே தருகிறது; ஆனால் நிரல் எந்த முகவரியை, எத்தனை பைட் அளவில் தொட்டது என்பதைக் கேட்டால் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. அதன் முன்னுரிமை எண் எதிர்மறை ஆயிரம். ஆகவே மெய்யான மாதிரியை எழுதி அதே முகவரியில் வைத்த கணமே அது மேலே அமர்ந்துகொள்ளும். வெற்றுச் சாதனம் அடியில் மறைந்துவிடும்.

எமுலேட்டர் உலகில் இதனைவிட நேர்மையான ஒரு ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை. வட்டார வழக்கு ஆய்வுக்குச் செல்வோருக்கு முதல் வாரத்தில் கற்பிப்பது இது: வரைபடத்தில் ஓர் ஊரின்மேல் குறி இல்லையெனில், அங்கே அச்சொல் வழங்கவில்லை என்பதா, அங்கே எவரும் சென்று கேட்கவில்லை என்பதா என்று பிரித்துக் காட்டு. வ. அய். சுப்பிரமணியம் நிறுவிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி ராக்கெட்டுச் செயலிகளை வடிவமைக்கும் தும்பை வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஒரே கடற்காற்று இரு வளாகங்களிலும் வீசுகிறது. இந்தப் பாடம் மட்டும் சுவர் தாண்டவில்லை.

இனி ஒதுக்கிடத்தின் மறுபக்கம். மேலே சொன்னது சாதனங்களுக்கு இடையேயுள்ள வெறுமை. முதன்மை நினைவகத்தின் உள்ளேயே வேலியிட்டு வைக்கும் பகுதிகளும் உண்டு. திரைச் சாதனத்துக்கான படிமப் பரப்பு, செயலியின் உதவியின்றி நினைவகத்தை நேரே அணுகும் சாதனங்களுக்கான இடைத்தங்கல், கர்னல் வீழ்ந்தால் அதன் கடைசிச் சொற்களைக் காத்துவைக்கும் 'ராமூப்ஸ்' பகுதி ஆகியன இவ்வகை. இவற்றை 'டிவைஸ் ட்ரீ' என்னும் வன்பொருள் விவரக் கோப்பில், ஒதுக்கப்பட்ட நினைவகம் என்னும் கணுவின் கீழ் எழுத வேண்டும். தொடக்க முகவரியையும் நீளத்தையும் திட்டமாகக் குறிக்கலாம். அல்லது நீளத்தை மட்டும் சொல்லி, இடத்தைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பை இயங்குதளத்திடம் விடலாம். 'நோ-மேப்' என்று எழுதினால் கர்னல் அப்பகுதியைத் தன் வழக்கமான வரைபடத்தில் சேர்க்கவே கூடாது. 'ரீயூசபிள்' என்று எழுதினால், சாதனம் கேட்கும்போது திருப்பித் தருவதாயின் அதுவரை பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே பகுதிக்கு எழுதுவது விதிமீறல். மெய்நிகர்ச் சாதனமொன்றைப் புதிதாகச் சேர்ப்பவர் எமுலேட்டரின் முகவரி அட்டவணை, இந்தக் கோப்பு, சாதனத்தின் டிரைவர் ஆகிய மூன்றிடத்திலும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பொய்யாகும்.

ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2023ஆம் ஆண்டு சான்று. லினக்ஸ் 6.4இல் ரிஸ்க்-ஃபைவ் கணினிகளுக்கு உறக்கநிலை வசதி வந்தது. உறங்கச் செல்லுமுன் கர்னல் தன் நினைவகத்தைப் படித்து வட்டில் எழுதிவைக்கும். அந்த நினைவகத்தின் தொடக்கத்தில் ஓப்பன்எஸ்பிஐ என்னும் அடிநிலை மென்பொருள் குடியிருக்கும். அவ்விடத்தைக் கர்னல் தொடாதபடி செயலியின் காப்பு வன்பொருள் பூட்டி வைத்திருக்கும். ஓப்பன்எஸ்பிஐ தன் இடத்தை ஒதுக்கிடமென்று கோப்பில் எழுதத்தான் செய்தது. ஆனால் அதற்குச் சில பதிப்புகளுக்கு முன்பே 'நோ-மேப்' என்னும் அந்த ஒரு சொல்லைக் கைவிட்டிருந்தது. பெரும் பக்கங்களாக வரைபடமிடக் கர்னலுக்கு வழிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தால். நெடுநாள் எவருக்கும் இடரில்லை. பிறகு கர்னல் தன் நினைவகத்தை வரைபடமிடும் முறையை மாற்றிக்கொண்டது. உறக்கநிலையும் வந்து சேர்ந்தது. உறங்கப்போன கர்னல் பூட்டிய இடத்தைப் படிக்க முயன்று வீழ்ந்தது. எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தாதது என்னும் முத்திரையின் கீழ் உறக்கநிலை வசதியைத் தள்ளிவைத்தனர். ஓப்பன்எஸ்பிஐ கைவிட்ட சொல்லை மீண்டும் சேர்த்துக்கொண்டது. 'ஒதுக்கப்பட்டது' என்பதும் 'தொடலாகாதது' என்பதும் ஒரே பொருளென்று ஒரு தரப்பு கருதியிருந்தது, மறுதரப்பு அவ்வாறு கருதவில்லை.

பெரிய கணினிகளும் இதற்கு விலக்கல்ல. ஏஎம்டி செயலிகளில் 1 டெராபைட் எல்லைக்குக் கீழே கடைசி 12 ஜிகாபைட் முகவரிகள் உள் இணைப்புத் தடத்துக்கு உரியவை. மெய்நிகர் இயந்திரத்துக்கு ஏறக்குறைய ஒரு டெராபைட் நினைவகம் தந்து, மெய்யான சாதனமொன்றையும் அதற்கு நேரே ஒப்படைத்தால், அந்த 12 ஜிகாபைட்டில் மோதல் ஏற்படும். 2022இல் வெளிவந்த கியூஎமு 7.1, அத்தகைய வேளைகளில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை 1 டெராபைட்டுக்கு அப்பால் தொடங்குமாறு நகர்த்திவைத்தது. ஒதுக்கிடம் எதுவென்று எழுதியிருந்ததால்தான் நகர்த்த முடிந்தது.

இப்போது திருவனந்தபுரத்துக்குத் திரும்பலாம். மறுப்போரின் முதல் வாதம்: பொது இயந்திரமாகிய 'விர்ட்' இருக்கிறதே, மாணவர்கள் அதில் பயிலட்டும், கட்டளைத் தொகுதி ஒன்றுதானே. கட்டளைத் தொகுதி ஒன்றுதான். ஆனால் 'விர்ட்' இயந்திரத்தில் எதுவும் கேட்காவிட்டாலும் 128 மெகாபைட் நினைவகம் கிடைக்கும். தேஜஸ்32 சில்லின் உள்நினைவகம் 256 கிலோபைட். ஐந்நூற்றுப் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. முன்னதில் சொகுசாக ஓடிய நிரல் பின்னதில் நுழையவே நுழையாது; நுழையாதென்று 'விர்ட்' ஒருபோதும் சொல்லாது. தேஜஸ்32இல் மூன்று யூஆர்ட், மூன்று கடிகாரங்கள், எட்டுத் துடிப்பகலப் பண்பேற்றிகள், 32 பொதுநோக்கு முனைகள் என்று தனியொரு குடும்பம் இருக்கிறது. 'விர்ட்' இயந்திரமோ எந்த மெய்யான பலகையையும் ஒத்ததன்று. அவ்வாறு இருக்க வேண்டுமென்றே வகுக்கப்பட்டதும் அன்று. இலக்கணம் ஒன்றாயினும் ஊர்ப்பேச்சு வேறு. 'விர்ட்' கற்பிப்பது எந்த ஊரிலும் எவரும் பேசாத பேச்சை.

இரண்டாம் வாதம்: பலகை விலை மலிவு, வாங்கிக்கொள்ளட்டும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் அறுபது பேர் கொண்ட வகுப்பை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆறேழு பலகைகள் இருந்தால் அந்தத் துறை வளமான துறை. ஒருவர் தவறான முகவரியில் எழுதினால் பலகை உறைந்து நிற்கும். ஏன் நின்றது என்று பலகை சொல்லாது. எமுலேட்டர் சொல்லும்: இந்தக் கட்டளை, இந்த முகவரி, இங்கே எவருமில்லை. பிழை செய்ய அஞ்சாத வகுப்பறையில்தான் வன்பொருள் கற்க முடியும். அன்றியும், நிரலில் ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் நள்ளிரவில் தானே ஓடிச் சோதிக்கும் ஏற்பாட்டுக்குப் பலகை உதவாது, இயங்கும் மாதிரி வேண்டும். பிற நாட்டுச் சில்லுகளின் மென்பொருள் ஏன் வேகமாக முதிர்கிறது என்று வியப்போர் இதனைக் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாம் வாதம்: ஆவணம் பொதுவெளியில் இருக்கிறது. உண்மை. வேகாவின் தொழில்நுட்ப ஆவணங்களையும் நிரலாக்கக் கருவித்தொகுப்பையும் சி-டாக் வெளியிட்டிருக்கிறது. பலகையை அர்டுயினோ சூழலிலும் பயன்படுத்தலாம். பல அரசு நிறுவனங்கள் செய்யாத நற்செயல் இது, குறைத்துப் பேசலாகாது. ஆனால் அட்டவணை பேசாது. அட்டவணையில் ஒரு பிழை இருந்தால் பத்தாண்டு அப்படியே இருக்கும். இயங்கும் மாதிரியில் ஒரு பிழை இருந்தால் முதல் மாணவரின் முதல் நிரலிலேயே வெளிப்பட்டுவிடும்.

நான்காவதாக, பாதுகாப்பு. விக்ரம் 3201 செலுத்துகலத்தின் மூளை. அதனைச் சூழ்ந்த சாதனங்களின் முகவரிகளை ஊரறியச் செய்ய வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. அச்செயலியோடு அடா மொழித் தொகுப்பி, இணைப்பி, சிமுலேட்டர் ஆகியவற்றையும் தாங்களே உருவாக்கியதாக இஸ்ரோ அறிவித்ததைக் கவனிக்க வேண்டும். போலச்செய்யும் மாதிரியின்றிச் செயலி முழுமையாகாது என்பது தும்பையில் உள்ளோருக்குத் தெரியும். அதே நாளில் ஒப்படைக்கப்பட்ட மற்றொரு செயலியான கல்பனா 3201, ஸ்பார்க் வி8 என்னும் பொதுத்தரத்தைப் பின்பற்றுவது. திறந்த மூலக் கருவிகளோடு இசைவது என்றே அறிமுகமானது. ராக்கெட்டுச் செயலிக்கே இந்தத் தெளிவு இருக்கையில், பயிற்சிக்கென்று விற்கும் பலகைக்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டுவது நகைப்புக்குரியது.

எமுலேட்டர் காலத்தைப் பொய்யாகக் காட்டும் என்பதே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதை மறுக்க முடியாது. கியூஎமு ஒவ்வொரு கட்டளைக்கும் சில்லு எடுக்கும் சுழற்சிகளை எண்ணுவதில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் தேஜஸ்32இன் நேர ஒழுங்கை அதில் அளக்க முயல்வது வீண். மோட்டார் சுழற்றும் நிரலை முழுவதும் அதில் சரிபார்த்துவிட்டேன் என்பவர் மோட்டாரை எரிப்பார். ஆனால் காலம் பொய்யாகும் என்பதால் இடத்தையும் பொய்யாகவே விடலாம் என்றாகாது. கற்போரின் பிழைகளில் மிகப்பல இடத்தைப் பற்றியவை: தவறான முகவரி, ஒன்று விட்டுப் போன பதிவகம், அடுக்கு வளர்ந்து ஒதுக்கிடத்துக்குள் இறங்கியது.

சக்தி-சியின் மாதிரியை ஒரு முறை திறந்து பார்த்தால் இக்கோரிக்கையின் அளவு விளங்கும். 2021இல் கியூஎமுவில் ஏற்கப்பட்டது. ஒரு செயலிக் கரு, கடிகாரக் குறுக்கீட்டுச் சாதனம், வெளிக் குறுக்கீடுகளைப் பகிர்ந்தளிக்கும் சாதனம், 11300 என்னும் முகவரியில் ஒரு யூஆர்ட், அவ்வளவே. இயந்திரத்தை வருணிக்கும் கோப்பு ஏறக்குறைய இருநூறு வரி. எளியது, குறைகள் உள்ளது. ஆனால் சென்னையில் வடிவமைத்த ஒரு கணினியை இன்று போலந்திலோ பொலிவியாவிலோ ஒருவர் ஒரே கட்டளையில் தம் மடிக்கணினியில் எழுப்பிவிடலாம். வேகாவும் சக்தியும் ஒரே மேடையில் ஏறியவை. 2020 ஆகஸ்டில் சுதேசி மைக்ரோபிராசசர் சேலஞ்ச் தொடங்கியபோது இரண்டுமே போட்டியாளர்களுக்கு முன் வைக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் இந்திய ரிஸ்க்-ஃபைவ் திட்டம் அறிவிக்கப்பட்டபோது சென்னை ஐஐடியின் காமகோடி தலைமை வடிவமைப்பாளர், திருவனந்தபுரம் சி-டாக்கின் கிருஷ்ணகுமார் ராவ் திட்ட மேலாளர். இரு நகரங்களுக்கும் ஒரே பணம், ஒரே நோக்கம். ஒன்றின் சில்லு மட்டும் உலகப் பட்டியலில் இருக்கிறது.

இது திருவனந்தபுரத்தில் நிகழ்வது வருத்தத்தை மிகுவிக்கிறது. 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பட்ட ஊர் இது. பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய மாநிலத்தின் தலைநகர் இது. இவ்வூரில் இருநூறு வரி எழுத ஆள் இல்லை என்று எவரும் சொல்லார். ஆள் உண்டு, எழுதினால் அதற்குக் கணக்கு இல்லை. ஆய்வாளரின் ஆண்டறிக்கையில் மாநாட்டுக் கட்டுரைக்கு ஒரு கட்டம் இருக்கிறது; உலகப் பொது மூலத்தில் பல சுற்று விமரிசனம் தாங்கி ஏற்கப்பட்ட இயந்திர மாதிரிக்குக் கட்டமில்லை. அட்டவணையை நகலெடுத்து, 'முன்மொழியப்பட்ட கட்டமைப்பு' என்று தலைப்பிட்டு, எவரும் இயக்கிப் பார்க்க இயலாத முடிவுகளோடு எட்டுப் பக்கம் எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. இந்நிலையில் இளம் ஆய்வாளர் எதனைத் தேர்வார் என்பதற்குச் சோதிடம் வேண்டியதில்லை. எழுதி முடித்ததோடும் வேலை தீர்வதில்லை. ஏற்கப்பட்ட மாதிரியைப் பேண ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். கியூஎமுவின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் உடன் மாற்ற வேண்டும். திட்ட நிதி முடியும் மாதத்தில் ஒப்பந்தமும் முடிந்துவிடும் இளைஞரால் இது ஆகாது. நிரந்தரப் பணியிடம் ஒன்றின் கடமைப் பட்டியலில் இவ்வேலை எழுதப்பட வேண்டும்.

தேஜஸ்32க்கான முதல் மாதிரியில் எல்லாச் சாதனங்களும் இயங்க வேண்டியதில்லை. உள்நினைவகம், ஒரு யூஆர்ட், ஒரு கடிகாரம் இயங்கினால் போதும். ஏனைய சாதனங்கள் தத்தம் பெயரோடும் முகவரியோடும் வெற்றுச் சாதனங்களாக நிற்கட்டும். அட்டவணையில் 'ரிசர்வ்டு' என்றிருக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே மூன்றில் எது என்று, சில்லை வடிவமைத்தவர் ஒருவர் அமர்ந்து எழுத வேண்டும்: இல்லை, உண்டு ஆனால் தொடாதே, பின்னர் வரும். வெளியிலிருந்து எவரும் அதனை ஊகித்து நிரப்ப இயலாது. அவ்விடங்களில் என்ன இருக்கிறது என்று உறுதியாக அறிந்தவர்கள் திருவனந்தபுரத்தில் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களும் ஒருநாள் ஓய்வு பெறுவார்கள்.